நியூகிரேஞ்ச் ஈமக்குன்றை விளையாட்டுக்குள் கட்டிய அனுபவம்

நியூகிரேஞ்ச் ஈமக்குன்றின் உள்ளறைக்குள் காலைச் சூரியனின் ஒளி நுழைந்து, கடைசி மாடத்தில் கிடக்கும் கல்தொட்டியின் விளிம்பைத் தொடும் காட்சி எங்கள் கணினி விளையாட்டில் ஒருவழியாக அமைந்துவிட்டது. அந்த ஒளிக்கென்று தனி விளக்கு எதையும் நான் அறைக்குள் வைக்கவில்லை. வெளியே ஒரே ஒரு சூரியன் இருக்கிறது. அது உதிக்கும்போது கற்களின் அமைப்பே ஒளியைக் கீற்றாக வடித்து உள்ளே அனுப்புகிறது. இந்த நிலைக்கு வந்து சேர்ந்த வழியை, இதுபோன்ற தொல்லியல் தளங்களை விளையாட்டுக்காகக் கட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. அயர்லாந்தின் மீத் கவுண்டியில், பாய்ன் ஆற்றின் வளைவுக்கு வடகரையில், ஏறத்தாழ கி.மு. 3200இல் கட்டப்பட்டது நியூகிரேஞ்ச். அருகிலுள்ள நௌத், டௌத் ஆகிய குன்றுகளுடன் சேர்த்து 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கிறது. எங்கள் விளையாட்டு அந்தக் காலத்து வேளாண்குடிகளின் கதை. இறந்த பெரியவர் ஒருவரின் எரிந்த எலும்புகளைச் சுமந்துகொண்டு, சூரியன் தெற்கெல்லையைத் தொட்டுத் திரும்பும் கதிர்த்திருப்ப நாளின் விடியலுக்கு முன் விளையாடுபவர் இந்த ஈமக்குன்றுக்குள் போய்ச் சேர வேண்டும். பொழுதுபோக்காகச் சேர்ந்த சிறு குழு எங்களுடையது. இந்த ஒரு தளத்தின் வடிவம், ஒளி, நடமாட்டம் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. மாதிரிகளைப் பிளெண்டரிலும், ஓவியங்களைக் கிருத்தாவிலும், கல் ஒளிப்படங்களிலிருந்து வடிவம் எடுப்பதை மெஷ்ரூமிலும், மற்ற எல்லாவற்றையும் விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளான காடோ 4இலும் செய்தேன். நான்குமே விலையின்றிக் கிடைப்பவை.

அளவுகளைச் சேர்ப்பதில்தான் வேலை தொடங்கியது. மைக்கேல் ஓ'கெல்லி 1962 முதல் 1975 வரை இங்கே அகழாய்வு செய்து, 1982இல் வெளியிட்ட நூலில் தளப்படங்களும் வெட்டுமுகப் படங்களும் இருக்கின்றன. குன்றின் விட்டம் ஏறக்குறைய 85 மீட்டர், உயரம் 12 மீட்டருக்குச் சற்று மேல். அடியைச் சுற்றி 97 விளிம்புக்கற்கள். தென்கிழக்கு நோக்கிய வாசலிலிருந்து உள்ளே செல்லும் நடைவழியின் நீளம் 19 மீட்டர். அதன் இடப்புறம் 22, வலப்புறம் 21 நிறுத்துக்கற்கள். நடைவழி முடியும் இடத்தில் மூன்று மாடங்கள் கொண்ட சிலுவை வடிவ அறை. அதன் கூரை 6 மீட்டர் உயரம். வாசலின் மேலே, நடைவழிக் கூரைக்கும் மேலாக, கூரைப்பெட்டி என்று அகழாய்வாளர் பெயரிட்ட கற்சட்டம் ஒன்று. அதன் வழியாகத்தான் ஒளி உள்ளே வருகிறது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டதைக் கடைசிவரை மாற்றவில்லை; பிறகு சூரியக் கணக்குப் போடும்போது அது பெரிய உதவியாக அமைந்தது.

முதலில் நான் போன வழி பெரும்பாலோர் போகும் வழிதான். நிலப்பரப்புக் கருவியில் மேட்டை உயர்த்தி, புல் விரித்து, விளிம்புக்கற்களை வட்டமாக அடுக்கிவிட்டு, பிறகு நடைவழிக்காக மேட்டில் ஒரு துளை போட்டேன். வெளியிலிருந்து எடுத்த படங்களில் அது நன்றாகவே இருந்தது. உள்ளே போனதும் சிக்கல்கள் ஆரம்பித்தன. உயரப்படத்தால், அதாவது ஒவ்வோர் இடத்தின் உயரத்தை மட்டும் குறிக்கும் படத்தால், ஆன நிலப்பரப்புக்கு மேற்பரப்பு மட்டுமே உண்டு, கனம் கிடையாது. வெளியில் கண்ணுக்கு மலைபோல் தெரியும் மேடு, தாழ்ந்த சூரியனுக்கு ஒரு மெல்லிய தோல் மட்டுமே. அறையின் கற்களுக்கு இடையே இருந்த ஒவ்வோர் இடுக்கிலும் வெளிச்சம் கசிந்து, உள்ளே நட்சத்திரங்களைத் தூவியதுபோல் ஆகிவிட்டது. அந்தக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, அறையையும் நடைவழியையும் மட்டும் வெட்டவெளியில் கட்டி, அவற்றின்மீது குன்றை ஏற்றுவது என்று முடிவு செய்தேன். உண்மையில் கட்டியவர்களும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் கட்டியிருக்க முடியும்: நிறுத்துக்கற்களை நட்டு, கூரை எழுப்பி, அதன்மேல் ஆற்றுக் கூழாங்கற்களையும் புல்கட்டிகளையும் அடுக்கடுக்காகக் குவித்தார்கள்.

நிறுத்துக்கற்களுக்கு எட்டு அடிப்படை மாதிரிகளைச் செதுக்கி, திருப்பியும் நீட்டியும் 43 கற்களாக ஆக்கினேன். அவற்றின் சராசரி உயரம் ஒன்றரை மீட்டர். நடைவழியின் அகலம் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியது. தளப்படத்தில் நடைவழி நேர்கோடாக இல்லை. மெல்ல ஒருபுறம் வளைந்து மறுபுறம் திரும்புகிறது. வேலையை எளிதாக்க அதை நேராக்கிவிடலாமா என்ற ஆசை எழுந்தது. நல்லவேளையாக, படத்தையே பின்னணியில் வைத்து அதன்மீது கற்களை நட்டேன். இந்த வளைவுதான் ஒளிக்கற்றையின் இரு ஓரங்களையும் சீவி, அதை மெல்லிய கீற்றாக ஆக்குகிறது.

அறையின் கூரையைக் கதலிகா கரண முறையில், ஒவ்வொரு கல் வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீளுமாறு அடுக்கி, உச்சியில் ஒரு மூடுகல் வைத்து முடித்தேன். உண்மையான கூரை 5000 ஆண்டுகளுக்கு மேலாகப் பழுதுபார்க்கப்படாமலேயே ஒழுகாமல் நிற்கிறது. நடைவழிக் கூரைக்கற்களின் முதுகில் மழைநீர் வழிந்தோடக் காடிகள் வெட்டியிருக்கிறார்கள். இடுக்குகளில் சுட்ட மண்ணையும் கடல் மணலையும் திணித்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்தின் காலத்தைக் கணித்ததும் அந்தச் சுட்ட மண்ணில் இருந்த கரியைக் கொண்டுதான். நானும் இடுக்குகளில் மண் திணிப்பைத் தனி மெஷ்ஷாக (முப்பரிமாண வடிவமாக) வைத்தேன். அவர்கள் தண்ணீரைத் தடுத்தார்கள், எனக்கு ஒளியைத் தடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது தரை. முதல் சோதனையில் தரையைச் சமமாக வைத்திருந்தேன். சூரியனை அடிவானத்துக்குச் சற்று மேலே வைத்துப் பார்த்தபோது, கூரைப்பெட்டி வழியே வந்த ஒளி கடைசிச் சுவரில் மார்பளவுக்கு மேலே ஒரு பட்டையாக விழுந்தது. பல இடங்களில் நடைவழிக் கூரை அதையும் மறித்தது. வெட்டுமுகப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது விடை அதிலேயே இருந்தது. நடைவழி உள்ளே போகப் போக ஏறுகிறது. அறையின் தரை வாசல் தரையைவிட ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்தில், கூரைப்பெட்டியின் அடிமட்டத்தை ஒட்டியே இருக்கிறது. தரையை அப்படிச் சரிவாக்கி, அதனுடன் கூரையையும் உயர்த்தியதும் இரண்டு காரியங்கள் ஒருசேர நடந்தன. வாசல் வழியாக வந்த வெளிச்சம் ஏறிவரும் தரையில் பாதியிலேயே படிந்து நின்றது. கூரைப்பெட்டி வழியாக வந்தது மட்டும் தரையை உரசியபடி அறைவரை ஓடியது. இந்தக் குன்றைக் கட்டியவர்களின் திறமைமீது எனக்கு இருந்த மதிப்பு இந்த இடத்தில் பல மடங்காகியது. ஏற்றம், வளைவு, பெட்டியின் உயரம் ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் ஒளி அறையை அடையாது என்பதை, ஒவ்வோர் எண்ணாக மாற்றிப் பார்த்து நானே கண்டுகொண்டேன்.

சூரியனின் திசையைக் கணக்கிடுவது அடுத்த கட்டம். பிளெண்டரில் நாளும் நேரமும் இடமும் கொடுத்தால் சூரியனை நிறுத்தித் தரும் துணைக்கருவி இருக்கிறது, கி.மு. ஆண்டுகளுக்கு அது உதவவில்லை. கணக்கைக் கையாலேயே போட்டேன். நியூகிரேஞ்ச் வடக்கு அட்சரேகை 53.7 பாகையில் இருக்கிறது. இன்று பூமியின் அச்சுச் சாய்வு 23.44 பாகை, கி.மு. 3200ஐ ஒட்டி அது 24 பாகைக்குச் சற்று மேலே இருந்தது. அரைப் பாகையை ஒட்டிய இந்த வேறுபாட்டால், சமமான அடிவானம் என்று வைத்துக்கொண்டால், கதிர்த்திருப்ப நாளில் சூரியன் உதிக்கும் இடம் வடக்கிலிருந்து 132 பாகையில் இருந்து 133.5 பாகைக்குத் தெற்கே நகர்கிறது. ஆற்றுக்கு அப்பால் ரெட் மவுண்டன் என்ற மேடு அடிவானத்தை ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய சூரியனை வைத்தால், உதயமாகி 4 நிமிடம் கழித்துத்தான் ஒளி அறைக்கு வருகிறது. 5000 ஆண்டுகளுக்கு முன் உதயத்துடனேயே வந்திருக்கும் என்பது இந்த இடத்தை அளந்தவர்களின் கணிப்பு. எங்கள் கதைக்கு உரியது பழைய சூரியன் என்பதால் அதையே வைத்தேன். சோதனைக்கு மட்டும் இன்றைய சூரியனையும் ஒரு பொத்தானில் வைத்திருக்கிறேன்.

சோதித்துப் பார்க்க நம்பகமான பதிவு ஒன்று இருப்பது இந்தத் தளத்தின் பெரும் வசதி. 1967 டிசம்பர் 21 காலையில் ஓ'கெல்லி அறைக்குள் காத்திருந்து இந்த ஒளியைப் பார்த்தார். பிந்தைய ஆண்டுகளிலும் கவனித்து அவர் தந்த குறிப்புகளின்படி, 8:54க்குச் சூரியன் மேட்டுக்கு மேலே தலைகாட்டுகிறது, 8:58க்கு முதல் கீற்று தரையில் ஓடி கடைசி மாடத்தின் தொட்டி விளிம்பை அடைகிறது, 17 செ.மீ. அகலமாக விரிந்து அறைத் தரையைக் கடக்கிறது, 9:15க்கு அறுந்துவிடுகிறது. ஆக, 17 நிமிடம். அந்த அட்சரேகையில் அந்த வேளையில் சூரியன் மணிக்கு 12 பாகை பக்கவாட்டில் நகரும், 6.6 பாகை மேலே ஏறும். 17 நிமிடத்தில் பக்கவாட்டு நகர்வு 3.4 பாகை. இந்த எண்களை ஒரு சிறு நிரலில் எழுதிச் சூரியனைச் சுழற்றியபோது, என் அறையில் ஒளி இருந்த நேரம் முதலில் 26 நிமிடம் வந்தது. நிறுத்துக்கற்களில் சிலவற்றை, இன்று இருப்பதுபோல் உட்புறமாகச் சற்றே சாய்த்ததும் அது 19 நிமிடத்துக்கு இறங்கியது. இன்றைய சூரியனுக்கு 19 என்பது எனக்குப் போதுமான நெருக்கம். கதைக்குரிய பழங்காலக் காட்சியில் கற்களை நிமிர்த்தியே வைத்திருக்கிறேன்; அவை புதிதாக நடப்பட்ட நாளில் கீற்று இன்னும் அகலமாகவே இருந்திருக்கும்.

நிழல்களில்தான் அதிக உழைப்பு போனது. காடோவில் சூரிய விளக்கின் நிழல், ஒரு படமாக வரையப்பட்டு உலகின்மீது விரிக்கப்படுகிறது. வெளிப்புறக் காட்சிக்காக நிழல் எல்லையை 300 மீட்டர் என்று வைத்திருந்தேன். படத்தின் அளவு 4096 புள்ளி. ஒரு புள்ளிக்கு 7 செ.மீ.க்கு மேல் வருகிறது. 17 செ.மீ. கீற்று அதில் இரண்டு புள்ளி அகலம்தான். சூரியன் நகர நகர அந்தக் கீற்று படிக்கட்டுபோல் துள்ளியது. வாசலைத் தாண்டி நடைவழிக்குள் கால் வைத்ததும் நிழல் எல்லை 40 மீட்டராகச் சுருங்கி, படம் 8192 புள்ளியாகப் பெரிதாகும்படி ஒரு பகுதிக் கண்காணிப்பைப் போட்டேன். ஒரு புள்ளி ஒரு செ.மீ.க்கும் கீழே வந்தது; துள்ளல் நின்றது. குன்றுக்குள் இருப்பவருக்கு வெளியே தொலைவில் நிழல் தேவைப்படாது என்பதால் இதில் இழப்பு எதுவுமில்லை.

கீற்றின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது அடுத்த குறை. சூரியன் ஒரு புள்ளி அன்று. அதன் வட்டு அரைப் பாகைக்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. கூரைப்பெட்டியிலிருந்து கடைசி மாடம் ஏறத்தாழ 24 மீட்டர் தொலைவு. அவ்வளவு தொலைவில் ஒரு கல்லின் நிழலோரம் 20 செ.மீ.க்கு மேல் மங்கிப் பரவும். காடோவில் சூரியனின் கோண அளவை 0.53 என்று கொடுத்ததும், அருகிலிருக்கும் கற்கள் கூர்மையான ஓரத்தையும், தொலைவிலுள்ள பெட்டி மங்கிய ஓரத்தையும் தந்தன. ஒளி மெல்ல மலர்ந்து மெல்ல வாடும் உணர்வு இந்த ஓர் எண்ணால் வந்தது.

கசிவை முழுவதும் நிறுத்த, அறையையும் நடைவழியையும் சுற்றி ஒரு மீட்டர் கனமுள்ள மூடிய கூடு ஒன்றைச் செய்து, அது கண்ணுக்குத் தெரியாமல் நிழல் மட்டும் விழுத்தும்படி அமைத்தேன். கூரைப்பெட்டிக்கும் வாசலுக்கும் மட்டும் அதில் துளைகள். இதைச் செய்தபின் வெளிக்குன்றின் மேற்பரப்பு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கவலையில்லை. குகை, சுரங்கம், கோயில் கருவறை என்று எதைக் கட்டினாலும் இந்தக் கூட்டை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

தரையில் விழும் கீற்று மட்டும் போதாது. அந்தக் கீற்றிலிருந்து தெறிக்கும் ஒளியில் பக்க மாடங்களும் கூரையும்கூடத் தெரிந்ததாக ஓ'கெல்லியின் குறிப்பு சொல்கிறது. காடோவின் பரந்தவெளித் தெறிப்பொளி முறை இடத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. இயல்பு அமைப்பில் அதன் மிகச் சிறிய கட்டமே 20 செ.மீ.; என் கீற்று அதைவிட மெல்லியது. அறைக்கென்று தனியாக வாக்ஸெல் ஜிஐ (குறிப்பிட்ட பெட்டிக்குள் மட்டும் தெறிப்பொளியைக் கணக்கிடும் முறை) பெட்டி ஒன்றை வைத்து, 24 மீட்டர் நீளத்தை 256 கூறாக்கினேன். கட்டம் 9 செ.மீ.க்கு வந்தது. கல்லின் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கியதும், கீற்று விரியும்போது அறை முழுவதும் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. கடைசி மாடத்தின் கல்லொன்றில் இருக்கும், 30 செ.மீ. அளவுள்ள புகழ்பெற்ற மும்மைச் சுருள் இந்தத் தெறிப்பொளியில்தான் கண்ணுக்குப் படுகிறது. நேரொளி அதன்மீது விழும்படி கல்லைத் திருப்பிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை.

கற்களின் மேற்பரப்புக்கு வருகிறேன். வாசலுக்கு முன்னால் கிடக்கும் முதல் விளிம்புக்கல், 3 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளமுடையது. சுருள்களும் சாய்சதுரங்களும் அதன் முகம் முழுவதும் ஓடுகின்றன. கூர்முனைக் கல்லால் கொத்திக் கொத்தி உருவாக்கிய வடிவங்கள் அவை. முதலில் மென்மையான தூரிகையால் வரைந்த பள்ளங்கள் அச்சில் வார்த்தவைபோல் தெரிந்தன. கிருத்தாவில் சிறு சிறு குழிகளாகச் சிதறும் தூரிகை ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு சுருளையும் அதனால் மெதுவாக இழுத்தபோதுதான் கொத்துவேலையின் சாயல் வந்தது. இந்தக் கல்லுக்கும், குன்றின் நேர் பின்புறமுள்ள 52ஆம் கல்லுக்கும், 67ஆம் கல்லுக்கும் மட்டும் தனித்தனி மாதிரி. மற்ற 94 கற்களும் பன்னிரண்டு மாதிரிகளின் திரிபுகள்.

வெண்ணிறக் கற்கள் தனிக் கதை. நியூகிரேஞ்சின் வாசல் முன்பு பரவிக் கிடந்த வெங்கச்சங்கற்கள் (குவார்ட்ஸ்) தெற்கே விக்லோ மலைப்பகுதியிலிருந்து வந்தவை. அதே வகைக் கல் எங்கள் ஊர்ப்பக்கத்து மேட்டுக்காடுகளில் உழும்போதெல்லாம் கிளம்பும். வரப்போரம் குவித்துக் கிடந்தவற்றில் கைக்கடங்கிய பதினைந்தைப் பொறுக்கி வந்து கழுவி, சுழலும் தட்டில் வைத்து, கைப்பேசியால் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன். மெஷ்ரூம் அவற்றைக் கொழகொழப்பான கட்டிகளாகவே தந்தது. ஒளி இந்தக் கல்லின் மேற்பரப்பில் நிற்காமல் கொஞ்சம் உள்ளே போய் வருவதும், உடைந்த முகங்கள் மின்னுவதும்தான் காரணம். கல்லின்மீது முகப்பவுடரை மெல்லிய துணியில் கட்டித் தட்டினேன். பால்வெள்ளைக் கல் மேலும் வெள்ளையாகி, நிழலே இல்லாமல் போய்விட்டதால் மென்பொருள் பிடிப்பதற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. பவுடருடன் அடுப்புக்கரியைப் பொடித்துக் கலந்து, புள்ளிபுள்ளியாகப் படியும்படி தூவியபிறகு வடிவம் தெளிவாக வந்தது. வடிவத்தை அந்தப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தைக் கழுவிய கல்லின் படங்களிலிருந்து தனியாக எடுத்தேன். கல்லின் இடுக்குகளில் ஒட்டியிருந்த செம்மண்ணின் சாயலை நிறப்படத்திலிருந்து நீக்கியாக வேண்டியிருந்தது. அது நம் மண்ணின் நிறம், பாய்ன் கரையினுடையது அன்று.

இந்தக் கற்களை எங்கே வைப்பது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. இன்று நியூகிரேஞ்சுக்குப் போகிறவர்கள் பார்க்கும் வெள்ளைச் செங்குத்துச் சுவர், அகழாய்வுக்குப் பின் கான்கிரீட் தாங்கலுடன் எழுப்பப்பட்டது. கீழே கிடந்த கற்கள் இப்படி ஒரு சுவர் சரிந்து விழுந்தவை என்று ஓ'கெல்லி கருதினார். அவ்வளவு செங்குத்தான சுவர் அந்த உயரத்தில் தாங்கலின்றி நிற்குமா என்று ஐயுற்ற தொல்லியலாளர்கள், இவை தரையில் பரப்பப்பட்ட தளமாகவே இருந்திருக்கலாம் என்கிறார்கள். பக்கத்திலுள்ள நௌத்தில் ஜார்ஜ் ஈகன் அகழாய்வு செய்தபோது, வாசல் முன்னுள்ள வெங்கச்சங்கற்கள் தரையிலேயே விடப்பட்டன. நான் தரைத்தளத்தையே தேர்ந்தெடுத்தேன். வெள்ளைச் சுவர் இல்லாவிட்டால் இது நியூகிரேஞ்ச் என்றே யாருக்கும் தெரியாது என்ற எதிர்ப்பு குழுவில் வந்தது; அதில் நியாயமும் உண்டு. ஆனால் கதை நடக்கும் காலத்துக்கு, சான்றோடு அதிகம் ஒட்டிப்போவது எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விடியலுக்கு முந்தைய மங்கலில் தரையில் கிடக்கும் வெண்கற்கள் வாசலுக்கு வழிகாட்டுவதைப் பார்த்தபிறகு எதிர்ப்பும் குறைந்தது. அதே காரணத்தால் வாசலின் இருபுறமும் உள்ள கருங்கல் வளைவுச் சுவர்களையும் படிகளையும் நீக்கினேன். அவை இன்றைய பார்வையாளர்களின் வசதிக்காக அமைக்கப்பட்டவை. குன்றைச் சுற்றி நிற்கும் 12 பெருங்கற்களும் பிற்கால வட்டத்தைச் சேர்ந்தவை என்பதால் அவற்றுக்கும் இடமில்லை.

நடமாட்டத்தில் எதிர்பாராத தடைகள் வந்தன. சுருள்கள் கொண்ட வாசற்கல்லைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. எனவே அதன்மீது ஏறி இறங்கும் அசைவு ஒன்று தேவைப்பட்டது. விளையாட்டுப் பாத்திரத்தின் மோதல் உருளைக்கு 40 செ.மீ. ஆரம் வைத்திருந்ததால், கற்கள் நெருங்கும் இடங்களில் பாத்திரம் சிக்கிக்கொண்டது. ஆரத்தை 28 செ.மீ. ஆக்கி, உள்ளே குனிந்த நடையைக் கட்டாயமாக்கினேன். முதுகுப்புறமிருந்து பார்க்கும் கேமரா கற்களுக்குள் புகுந்துவிட்டதால், வாசலைத் தாண்டியதும் பார்வை பாத்திரத்தின் கண்ணுக்கு மாறிவிடுகிறது. உள்ளே நுழைந்ததும் ஏதும் தெரியாத இருட்டு. தோள் கல்லில் உரசும் ஒலி மட்டும் வழியைச் சொல்லும். சோதித்தவர்களில் ஒரு பெண் திரை பழுதாகிவிட்டதோ என்று கேட்டார். வெளிச்சத்தைக் கூட்டாமல், கண் இருட்டுக்குப் பழகும் விளைவை மட்டும் கொஞ்சம் வேகப்படுத்தினேன்.

ஒலிக்கு அதிகம் செய்யவில்லை. 1996இல் வெளிவந்த ஓர் ஒலியியல் ஆய்வு இந்த அறையின் ஒத்ததிர்வை 110 ஹெர்ட்ஸ் அளவில் கண்டது. ஆண்குரலின் தாழ்ந்த வரம்பு அது. அறைக்கான எதிரொலியில் அந்த அதிர்வெண்ணை மட்டும் சற்றே உயர்த்தி வைத்தேன்.

அறைக்குள் பொறுக்கியெடுக்கும் பொருள் எதையும் வைக்கவில்லை. அகழாய்வில் இங்கே குறைந்தது ஐந்து பேரின் எலும்புகளும், எலும்பு ஊசிகளும், மணிகளும், சிறு கல் உருண்டைகளும் கிடைத்தன. அவை கல்தொட்டிகளில் காட்சியாக இருக்கின்றன. தொட்டால் எதுவும் நடக்காது. விளையாட்டு என்றாலே கல்லறையைக் கொள்ளையடிப்பது என்ற பழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது. இங்கே விளையாடுபவர் செய்யக்கூடிய ஒரே காரியம், தாம் சுமந்துவந்த எலும்புகளைத் தொட்டியில் வைப்பது.

செலவுக் கணக்கு: பழைய 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ரூ. 11,500, கூடுதல் 16 ஜிபி ரேம் ரூ. 3,200, சுழல்தட்டு ரூ. 450, கல்லின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் தாள் இரண்டு ரூ. 700. போலரைசர் வாங்கியதற்குப் பெரிய பயன் இருக்கவில்லை. கரிப்பொடியே அந்த வேலையைச் செய்துவிட்டது. இந்தக் கணினியில் அறைக்குள் நொடிக்கு 52 சட்டகம் கிடைக்கிறது. வெளியே வெண்கற்களை ஒவ்வொன்றாக வைத்திருந்தபோது 22ஆக இருந்தது, ஒரே வடிவத்தின் பல நகல்களை ஒருசேர வரையும் மல்ட்டிமெஷ்ஷுக்கு மாற்றியதும் 60ஐத் தொட்டது.

மறுமுறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். கூரைப்பெட்டியையும், சரிந்த தரையையும், ஒரே ஒரு சூரியனையும் மட்டும் வெறும் பலகைகளால் கட்டி, ஒளி அறையை அடைகிறதா என்று பார்த்தபிறகே முதல் கல்லைச் செதுக்குவேன். கற்களின் சாய்வை ஒவ்வொன்றாகக் கையால் திருப்பாமல், இன்று, அன்று என்ற இரண்டு நிலைகளையும் ஒரே கோப்பில் எண்களாக எழுதிவைப்பேன். நிழல் எல்லை மாறும் கணத்தில் வாசலருகே இன்னும் ஒரு சிறு துடிப்பு தெரிகிறது. இரண்டு அளவுகளுக்கும் நடுவில் படிப்படியாக நகரும்படி அடுத்த பதிப்பில் அதைச் சரிசெய்ய இருக்கிறேன். 17 நிமிடத்தைச் சுருக்காமல் அப்படியே ஓடவிடும் தெரிவும் அதே பதிப்பில் வருகிறது. இப்போதைக்குக் கதைப்போக்கில் அது 5 நிமிடமாக ஓடுகிறது.